சாகிப்சாதா யாகூப் கான்

சாகிப்சாதா யாகூப் கான் (1920–2016), பாகிஸ்தான் ராணுவத்தில் லெப்டினன்ட் ஜெனரல் பதவிவரை உயர்ந்தவர். 1971 மார்ச்சில் கிழக்கு வங்காள மக்கள்மீது படையை ஏவ மனமில்லாமல் பதவி விலகினார். அதன்பின் தூதர், வெளியுறவு அமைச்சர், ஐ.நா. பிரதிநிதி எனக் கால் நூற்றாண்டு ராஜதந்திரத் துறையில் கழித்தார். போர்க்களத்தைவிடப் பேச்சுவார்த்தை மேசையில்தான் அவர் பெயர் நிலைத்தது.

1920 டிசம்பர் 23-ஆம் தேதி, இன்றைய உத்தரப் பிரதேசத்திலுள்ள ராம்பூர் நவாப் குடும்பத்தில் பிறந்தார். ‘சாகிப்சாதா’ என்பது அத்தகைய குடும்பத்துப் பிள்ளைகள் பெயருக்கு முன்னால் வைத்துக்கொள்ளும் பட்டம். தந்தை அப்துஸ் சமத் கான் ராம்பூர் சமஸ்தானத்தின் முதலமைச்சராக இருந்தவர். டேராடூனில் ராணுவப் பள்ளியிலும் அகாடமியிலும் பயின்ற யாகூப், 1940-இல் 18-ஆம் குதிரைப்படைப் பிரிவில் அதிகாரியானார். பெயர்தான் குதிரைப்படை, போருக்குப் போனது மோட்டார் வண்டிகளில்.

1942-இல் வட ஆப்பிரிக்கப் பாலைவனப் போரில் பிடிபட்டு இத்தாலிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே அவரோடு அடைபட்டிருந்தவர்களைப் பார்த்தால் துணைக்கண்டத்தின் பிற்கால ராணுவ வரலாறே ஒரு முகாமுக்குள் கிடந்தது போலத் தோன்றும். ஒருவர், பின்னாளில் பாகிஸ்தான் அதிபரான யாஹியா கான். இன்னொருவர், திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீனைச் சேர்ந்த பி. பி. குமாரமங்கலம், சென்னை மாகாண முதல்வராயிருந்த சுப்பராயனின் மகன், 1966-இல் இந்தியத் தரைப்படைத் தளபதி ஆனவர். கம்பி வேலிக்குள் கிடந்த காலத்தை யாகூப் மொழி படிக்கச் செலவிட்டார். இத்தாலியில் இத்தாலியமும், பிறகு ஜெர்மனிக்கு மாற்றப்பட்டபோது ஜெர்மனும் வசப்பட்டன. பிரெஞ்சும் ரஷ்யமும் வங்காளமும் பின்னர் சேர்ந்துகொண்டன.

போர் முடிந்து திரும்பியவர் வைஸ்ராயின் மெய்க்காவல் படையில் சேர்ந்தார். 1947-இல் மேசை நாற்காலி முதற்கொண்டு எல்லாம் இரண்டு நாடுகளுக்கும் பங்குபோட்டபோது, வைஸ்ராயின் தங்கமுலாம் பூசிய சாரட்டை மட்டும் இரண்டாகப் பிளக்க முடியவில்லை. இந்தியத் தரப்பில் தாக்கூர் கோவிந்த் சிங்கும் பாகிஸ்தான் தரப்பில் யாகூபும் நின்று காசைச் சுண்டிப் பார்க்க, பூவா தலையாவில் சாரட்டு இந்தியாவுக்கு வந்தது என்பது படை வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படும் கதை. 2024 குடியரசு நாளன்று திரௌபதி முர்முவும் பிரெஞ்சு அதிபர் மக்ரோனும் ஏறி வந்தது அந்த வண்டியில்தான். யாகூபின் அண்ணன் யூனுஸ் கான் இந்திய ராணுவத்திலேயே தங்கிவிட்டார். தம்பி எல்லை கடந்தார்.

பாகிஸ்தானில் கவசப் படைப்பிரிவு, குவெட்டா ஸ்டாஃப் கல்லூரி என்று ஏறுமுகமாகவே இருந்தது அவர் பாதை. 1969-இல் கிழக்குப் பிராந்தியத் தளபதியாக டாக்காவுக்கு வந்தார். வந்த இடத்தில் வங்காளம் கற்றார். மேற்கிலிருந்து வந்த தளபதிகளில் அது அபூர்வம்.

1970 டிசம்பர் தேர்தலில் ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக், கிழக்கின் 162 பொதுத் தொகுதிகளில் 160-ஐ வென்றது. மார்ச் 3-ஆம் தேதி டாக்காவில் கூடவிருந்த தேசிய அவையை, இரண்டு நாள் முன்னதாக யாஹியா ஒத்திவைத்தார். வானொலியில் செய்தி வந்ததும், டாக்கா மைதானத்தில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு இறங்கியது. ஆளுநர் அட்மிரல் அஹ்சன் நீக்கப்பட்டு, அந்தப் பொறுப்பும் யாகூப் தலையில் விழுந்தது. இது அரசியல் சிக்கல், துப்பாக்கியால் தீராது, அதிபரே நேரில் வர வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். யாஹியா வரவில்லை. மார்ச் 5-ஆம் தேதி யாகூப் பதவியைத் துறந்தார். அவரிடத்துக்கு வந்தவர் டிக்கா கான். மார்ச் 25 இரவு, மக்கள்மீது படையை ஏவிய ‘ஆபரேஷன் சர்ச்லைட்’ தொடங்கியது.

இந்த விலகலை வைத்து அவரைச் சான்றோராக்கிவிடுவது எளிது. ஆனால் ராணுவ ஆட்சியை இறுக்குவதற்கான ‘பிளிட்ஸ்’ என்ற முந்தைய திட்டம் அவருடைய தலைமையகத்தில் உருவானதுதான். காகிதத்தில் திட்டமிட்டவர், மார்ச் மாதத் தெருக்களைக் கண்ட பிறகு அது நடவாது என்று உணர்ந்தார் என்று கொள்வதே பொருத்தம். சக அதிகாரிகள் சிலர் இதைக் கடமை தவறல் என்றார்கள்.

படை கைவிட்டவரை அரசியல் எடுத்துக்கொண்டது. யாஹியாவுக்குப் பின் வந்த பூட்டோ ஆட்சியில் 1972-இல் பாரிசுக்கும், அடுத்த ஆண்டு இறுதியில் வாஷிங்டனுக்கும் தூதராகப் போனார். 1977 மார்ச் 9-ஆம் தேதி, ஹமாஸ் அப்துல் காலிஸ் என்பவர் தலைமையில் 12 பேர் வாஷிங்டனில் மூன்று கட்டடங்களைப் பிடித்து நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பிணையாக வைத்தனர். போலீஸ் மூன்று முஸ்லிம் நாட்டுத் தூதர்களின் உதவியை நாடியது: எகிப்தின் அஷ்ரஃப் கோர்பால், ஈரானின் அர்தேஷிர் ஜாஹெதி, பாகிஸ்தானின் யாகூப். மூவரும் ஆயுதமின்றி காலிஸின் எதிரே ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள். கருணை பற்றிய குர்ஆன் வசனங்களைச் சொல்லிச் சொல்லி மணிக்கணக்கில் பேசினார்கள். 11-ஆம் தேதி விடியுமுன் பிணையாளிகள் வெளியே வந்தனர்.

பிறகு மாஸ்கோ, மீண்டும் பாரிஸ். ராணுவ அதிபர் ஜியா உல் ஹக் 1982-இல் அவரை வெளியுறவு அமைச்சராக்கினார். ஆப்கானிஸ்தான் பற்றிய ஜெனீவா பேச்சு அவ்வாண்டு ஜூனில் தொடங்கியது. பேச்சு என்றாலும் இரு தரப்பும் நேரில் பேசுவதில்லை. காபூல் அரசைப் பாகிஸ்தான் அங்கீகரிக்கவில்லை. ஐ.நா. தூதர் டியேகோ கோர்தோவெஸ்தான் இருவருக்கும் இடையே அலைந்தார். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இப்படி நகர்ந்த வேலையின் முடிவில், 1988 ஏப்ரல் 14-ஆம் தேதி ஒப்பந்தத்தில் பாகிஸ்தான் சார்பில் கையெழுத்திட்டவர் வெளியுறவுத் துணை அமைச்சர் ஜைன் நூரானி. யாகூப் முந்தைய நவம்பரிலேயே பதவி விலகியிருந்தார். ஜியா சில மாதங்களில் திரும்ப அழைத்துக்கொண்டார். ஜியா மறைந்தபின் வந்த பிரதமர் பேநசீரும் அவரை மாற்றவில்லை. காஷ்மீர் கொந்தளித்த 1990 ஜனவரியில் டெல்லி வந்து இந்திய வெளியுறவு அமைச்சர் ஐ. கே. குஜ்ராலைச் சந்தித்தபோது அவர் பேசிய தோரணை, போர் எச்சரிக்கையாகவே இந்தியத் தரப்பின் காதில் விழுந்தது.

1991-இல் அமைச்சரவையை விட்டு நீங்கினார். 1992 முதல் சில ஆண்டுகள் மேற்கு சஹாராவுக்கான ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி. யார் வாக்காளர் என்பதில் மொராக்கோவும் மேற்கு சஹாரா விடுதலை இயக்கமான போலிசாரியோவும் கடைசிவரை ஒத்துப்போகாததால், அவர் நடத்த வந்த பொதுவாக்கெடுப்பு நடக்கவேயில்லை, இன்றுவரை நடக்கவில்லை. 1996–97 காபந்து அரசில் சில மாதங்கள் மீண்டும் வெளியுறவு அமைச்சர். கராச்சியின் ஆகா கான் பல்கலைக்கழக அறங்காவலர் குழுவுக்கும் பல ஆண்டுகள் தலைமை தாங்கினார்.

2016 ஜனவரி 26-ஆம் தேதி, 95-ஆம் வயதில் இஸ்லாமாபாதில் காலமானார்.