திரையில் மட்டும் மோதட்டும்

சாமளாபுரத்து வாசகர்களுக்கு விமான ஓசை புதிதன்று. சூலூர் விமானப்படைத் தளம் அருகிலேயே உள்ளது. ஆனால் விமானங்களை மோதாமல் நடத்தும் கட்டுப்பாட்டாளரைப் பற்றி எண்ணியிருக்கிறீர்களா?

1929இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஆர்ச்சி லீக் என்பவர் இரு கொடிகளை அசைத்தே இப்பணியைச் செய்தார். பிறகு ராடார் வந்தது. வானில் நெரிசலும் பெருகியது. காப், ரோஸ் என்னும் ஆய்வாளர்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுப்பாட்டாளர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து, 1973இல் முடிவுகளை வெளியிட்டனர். இரத்தக் கொதிப்பும் வயிற்றுப் புண்ணும் விமானிகளைவிட இவர்களிடமே மிகுந்திருந்தன.

ஆகவேதான் புதியவர்களுக்கு முதலில் பாவனைப் பயிற்சி. நம் நாட்டில் இதற்கான பயிற்சி நிலையம் 1948இல் அலகாபாத்தில் தோன்றியது. பாவனைப் பயிற்சியில் திரையில் தெரிபவை பொய் விமானங்கள். விமானியாகப் பேசுபவர் வேறோர் இருக்கையில் இருப்பார். தொடக்கத்தில் ஓரிரு விமானங்களே வரும். பழகப் பழக எண்ணிக்கை கூடும். இயந்திரக் கோளாறு, புயல் எனச் சிக்கல்களும் சேரும். மாணவரின் நா வறளும், பேச்சு விரையும்.

இந்த இறுக்கத்தை அறவே நீக்கிவிடலாமே என்பீர்கள். கூடாது. கடினமான பாடத்துக்கு மிதமான தூண்டுதலே ஏற்றது என்று யெர்க்ஸ், டாட்சன் இருவரும் 1908இலேயே எலிகளைக் கொண்டு கண்டனர். மிஞ்சினால் மட்டுமே கேடு. அப்போது ஆசிரியர் திரையை உறையச் செய்வார். எந்தக் கட்டளை தாமதித்தது என்று இருவரும் பார்ப்பார்கள். பிறகு அதே விமானங்கள் மீண்டும் புறப்படும்.