உயரம் பாய்ந்த வீரரும் 1958ஆம் ஆண்டும்

விளையாட்டு வீரரின் வரலாற்றை அவர் வாழ்ந்த காலத்தோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். இதற்கு நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் தக்க சான்றாவார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் கற்ற இவர், 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்போர்ணிலும் நடைபெற்ற ஒலிம்பிக் விழாக்களில், உயரம் பாய்தலில் இலங்கைக்காகப் பங்குபற்றினார். 1958 மே 24 முதல் யூன் 1 வரை தோக்கியோவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து வென்றார். ஆசிய விழாவொன்றில் இலங்கை பெற்ற முதலாவது தங்கப் பதக்கம் அதுவே.

அந்நாட்களில் தாய்நாட்டின் நிலை யாது? 1957இல் திருகோணமலைக் கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் கையளித்ததும், அங்கு உழைத்த தமிழ்த் தொழிலாளர் சுமார் 400 பேர் வேலையிழந்தனர். அவர்களைப் பொலனறுவை மாவட்டத்திற் குடியேற்றும் அரசாங்கத் திட்டம் அங்குள்ள சிங்களவரிடையே கடும் எதிர்ப்பை எழுப்பிற்று. 1958 கலவரத்தின் காரணங்களுள் இதுவும் ஒன்று. மே 22இல் பொலனறுவைப் புகையிரத நிலையத்தில் தொடங்கிய வன்செயல் பல பகுதிகளுக்கும் பரவியது. மே 27இல் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது.

தமிழர் தம் வீடுகளை விட்டோடிய அதே காலத்தில், தமிழரொருவர் இலங்கைக்குத் தோக்கியோவிற் புகழ் தேடித் தந்தார். 1962இல் யக்கார்த்தாவிலும் அந்நாட்டுக்காகவே வெள்ளிப் பதக்கம் வென்றார். நாட்டின் பெருமையிற் பங்குகொண்ட ஓரினத்தார்க்கு அந்நாட்டின் பாதுகாப்பிலும் பங்கு இருந்ததா என்பதே வரலாற்று மாணவர் எழுப்பவேண்டிய வினாவாகும்.