இயங்குதளத்திற்குள் விளம்பரம்

கணினியையும் கைப்பேசியையும் இயக்கும் அடிப்படை மென்பொருள் இயங்குதளம் ஆகும். அதற்குள்ளேயே விளம்பரம் வைப்பது புதிதன்று. 1998இல் வெளிவந்த விண்டோஸ் 98இன் முகப்புத் திரையில் டிஸ்னி போன்ற நிறுவனங்களுக்கான இணைப்புப் பட்டை இருந்தது. கட்டற்ற மென்பொருளும் இதற்கு விலக்கன்று. 2012இல் வந்த உபுண்டு 12.10, பயனர் தம் கோப்பைத் தேடும் இடத்திலேயே அமேசான் பொருள்களையும் காட்டியது. எதிர்ப்பு எழுந்தது, 2016இன் 16.04 பதிப்பில் அவ்வசதி அணைத்தே வைக்கப்பட்டது. 2024இல் விண்டோஸ் 11இன் தொடக்கப் பட்டியலில் செயலி விளம்பரங்கள் இடம்பெற்றன. அவற்றை அமைப்புகள் பகுதியில் அணைக்கலாம்.

ஆனால், முன்கூட்டியே நிறுவப்பட்ட செயலியே வலுவான விளம்பரம். ஏற்கெனவே இருப்பதை மாற்றப் பெரும்பாலோர் முனைவதில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசி தயாரிப்போர் பிளே ஸ்டோரைப் பெற, கூகுளின் பிற செயலிகளையும் சேர்த்தே நிறுவ வேண்டியிருந்தது. இதற்காகவும் வேறு சில நடைமுறைகளுக்காகவும் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20 அன்று கூகுளுக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. 2023 மார்ச் 29 அன்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது. ஆயினும், அச்செயலிகளைப் பயனர் நீக்குவதைத் தடுக்கக் கூடாது என்ற உத்தரவை ரத்து செய்தது. காசு கொடுத்து வாங்கிய கருவியில் எது இருக்கலாம் என்று முடிவு செய்பவர் யார் என்ற கேள்வி இன்னும் தீரவில்லை.