அகத்தியர்: கதைக்கும் வயது உண்டு

படம் பார்த்துப் பழகிய மாணவர்கள், அகத்தியர் பெயர் வந்ததும், "சார், இவரு நம்ம காண்டால்ஃபா?" என்று கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். டோல்கினின் கதையில் காண்டால்ஃப் கடலுக்கு அப்பாலிருந்து அனுப்பப்பட்டவர். கிழவர் தோற்றம், கையில் தடி. நம் புராணத்தில், சிவன் திருமணத்துக்கு எல்லாரும் இமயத்தில் கூடியதால் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்தது. அதைச் சமன் செய்ய அனுப்பப்பட்டவர் அகத்தியர். குள்ள உருவம், கையில் கமண்டலம்.

வேறுபாடு ஒன்று உண்டு. காண்டால்ஃப் ஒருவர் படைத்த பாத்திரம். 1937-இல் வந்த 'ஹாபிட்' நாவலில் அறிமுகமாகிறார். அகத்தியரையோ பல நூற்றாண்டுகள் சேர்ந்து எழுதின. ஆகவே, "என்ன சொல்கிறது?" என்பதோடு, "எப்போது சொன்னது?" என்றும் கேட்க வேண்டும்.

வரிசையாகப் பார்ப்போம். ரிக் வேதத்திலும் வால்மீகி ராமாயணத்திலும் அகத்தியர் இருக்கிறார். அங்கே தமிழ் இலக்கணம் பற்றிய பேச்சே இல்லை. பரிபாடலில் பொதியில் முனிவன் என்ற குறிப்பு வருகிறது. அது ஒரு விண்மீனைச் சுட்டுகிறது. மணிமேகலையில் அவர் கரகத்திலிருந்து காவிரி பிறக்கிறது. ஏறத்தாழ 8-ஆம் நூற்றாண்டின் இறையனார் களவியல் உரையில்தான் அவர் முதற்சங்கப் புலவராகிறார். அச்சங்கம் 4440 ஆண்டு நடந்தது, 549 பேர் இருந்தனர் என்பதும் அந்த உரை சொல்வதே. தொல்காப்பியரோடு பிணங்கிய கதையை, இன்னும் பிந்திய நச்சினார்க்கினியர் விரிவாகச் சொல்கிறார். பிறகு சித்த மருத்துவ நூல்கள் பல அவர் பெயரில் வந்தன.

அவர் புகழ் தமிழகத்தோடு நிற்கவில்லை. கிழக்கு ஜாவாவில் கி.பி. 760-ஆம் ஆண்டின் தினோயோ கல்வெட்டு, கஜயானன் என்ற அரசன் பழைய மரச் சிலைக்குப் பதிலாகக் கருங்கல்லில் அகத்தியர் சிலை அமைத்ததைச் சொல்கிறது. பிரம்பானான் சிவன் கோயிலின் தெற்கு அறையிலும் அவர் நிற்கிறார். நம் வட்டாரத்துக்கும் அவர் பழைய விருந்தாளி.

இதெல்லாம் தேர்வுக்கு எதற்கு? "முதற்சங்கம் 4440 ஆண்டு நடந்தது" என்று எழுதினால் அது வரலாற்றுக் கூற்று. சான்று கேட்டால் மாட்டிக்கொள்வோம். "நடந்ததாக இறையனார் களவியல் உரை கூறுகிறது" என்று எழுதினால் அது உண்மை. சின்ன மாற்றம்தான், ஆனால் கட்டுரையின் தரமே மாறிவிடும்.

இதில் தேர்வைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. தொல்காப்பியப் பாயிரம் அகத்தியரைக் குறிப்பிடவே இல்லை. மக்கள் வழக்கையும் செய்யுளையும் ஆராய்ந்து தொல்காப்பியர் நூல் செய்தார் என்கிறது. அதாவது, மொழியைப் பேசியவர்களும் பாடியவர்களும்தான் அந்த இலக்கணத்துக்கு மூலம். அகத்தியர் கையிலெடுத்துக் கொடுத்தார் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், அந்த மக்களின் பங்கை நாமே மறைத்துவிடுகிறோம்.

வேற்றின நண்பர் ஒருவர் "தமிழ் பழைய மொழி என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டால், சங்கப் பாடல்களும் தொல்காப்பியமும் தமிழ்பிராமிக் கல்வெட்டுகளும் போதும். கதையைக் கதையாகவே ரசிக்கச் சொல்லுங்கள். கூடவே, ஒவ்வொரு செய்திக்கும் எதிரில் அது எந்த நூலில், எந்தக் காலத்தில் வந்தது என்று ஓர் அட்டவணை போடச் சொல்லுங்கள். ஒரு பாடவேளை போதும்.