இரு செப்புக் காசுகள்

நாணயம் திரட்டுவோருள் இரு சாரார் உளர். ஒரு காசு எந்தெந்த ஆண்டுகளில் அச்சிடப்பட்டதோ அந்த ஆண்டுகள் அனைத்துக்கும் உரியவற்றைத் தேடி அலைபவர் ஒரு சாரார். காசின் உருவமோ எழுத்தோ மாறும்போதெல்லாம், மாறிய வகைக்கு ஒன்று என எடுத்து வைத்து நிறைவு கொள்பவர் மறு சாரார். பின்னவர் சேர்ப்பதே வகைத் தொகுப்பு எனப்படும். பள்ளிகளுக்கு ஏற்றது இதுவே என்பது என் கருத்து. செலவு குறைவு என்பது ஒருபுறம் இருக்க, காசின் எழுத்து பெரும்பாலும் காரணமின்றி மாறுவதில்லை. அந்தக் காரணத்தைத் தேடப் புகும் மாணவன் தானாகவே வரலாற்றுக்குள் வந்துவிடுகிறான்.

எங்கள் பள்ளியின் வரலாற்றுக் கழக மாணவர்கள், இந்நாட்டில் வழங்கிய பழைய செப்புக் காசுகளுக்கெனக் குழிகள் கொண்ட மரத்தட்டு ஒன்று வைத்துள்ளனர். 1872க்குப் பிந்திய குழிகள் எளிதில் நிரம்பின. விக்டோரியா அரசியார், ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் ஆகியோரின் காசுகள் பல வீடுகளில் பாட்டிமாரின் பெட்டிகளில் இன்றும் கிடக்கின்றன. அதுவரை வட்டமாக இருந்த ஒரு சென்ட் காசு 1919இல் சதுரமாகியதால் அதற்கும் ஒரு குழி உண்டு. காலத்தால் முந்திய இரு குழிகள் மட்டும் வெறுமையாக இருந்தன. அவற்றுக்குரிய இரண்டு காசுகளும் ஒரே வணிகரிடம் ஒரே நேரத்தில் கிடைத்தன. கழகத்தின் கையிருப்போ ஒன்றுக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது.

முதற்காசு 1845ஆம் ஆண்டுக்குரியது. ஒருபுறம் இளம் விக்டோரியாவின் தலை. மறுபுறம் இலைவளையத்துக்குள் ‘ஒரு சென்ட்’ என்றும், அதனைச் சுற்றிக் ‘கிழக்கிந்தியக் கம்பெனி’ என்றும் ஆங்கில எழுத்துகள். அழகிய பழுப்பு நிறம். அரசியின் கூந்தல் இழைகள் எண்ணத்தக்கவாறு தெளிவாக இருந்தன. இரண்டாவது, 1862ஆம் ஆண்டுக்குரியது. முகம் தேய்ந்து நிழல்போல் ஆகியிருந்தது, நிறமும் கறுத்துவிட்டது. ஆயினும் பின்புறத்தில் ‘இந்தியா நீரிணை’ என்னும் பொருள்படும் இரு ஆங்கிலச் சொற்களும் ஆண்டும் ஐயமின்றிப் படிக்கக்கூடியனவாக இருந்தன. விலையோ முன்னதைவிட ஏறக்குறைய இருமடங்கு!

மாணவர் பெரும்பாலோர் அழகியதையே வாங்க வேண்டும் என்றனர். அது சிறுபிள்ளைத்தனமான விருப்பம் என்று தள்ளத்தக்கதன்று. தேய்ந்த காசை வாங்குபவன் நல்லதைக் கண்டதும் மீண்டும் ஒருமுறை செலவு செய்வான் என்பது நாணயம் திரட்டுவோரிடையே வழங்கும் பழைய எச்சரிக்கை. இதற்கு எதிரான வழக்கும் உண்டு: எளிதிற் கிடைப்பது காத்திருக்கும், அரியது காத்திராது. 1845ஆம் ஆண்டுக் காசு மிகுதியாக அச்சிடப்பட்டமையால் இன்றும் பலரிடம் கிடைக்கிறது. 1862ஆம் ஆண்டுக் காசு அத்தனை எளிதாகக் கண்ணிற் படுவதில்லை. இவ்விரு நெறிகளும் ஒன்றையொன்று மறுப்பதால், அவற்றைக்கொண்டு மட்டும் முடிவு காண இயலாது. காசுகள் என்ன சொல்கின்றன என்று கேட்பதே வழி.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் 1826இல் நீரிணைக் குடியேற்றங்கள் என்னும் பெயரில் ஒன்றாக்கப்பட்டன. அவற்றை ஆண்ட கம்பெனி தன் கணக்கை ரூபாயில் எழுதியது. இங்குள்ள வணிகரோ ஸ்பானிய வெள்ளி டாலரில் கொண்டும் கொடுத்தும் வந்தனர். (நாம் இன்றும் ரிங்கிட்டை ‘வெள்ளி’ என்று அழைப்பதில் அந்தப் பழைய வெள்ளி நாணயத்தின் ஒலி எஞ்சியிருக்கிறது.) சில்லறைக்குப் பெரும் தட்டுப்பாடு. அதனை நிரப்பியவை, சிங்கப்பூர் வணிகர் தம் சொந்தப் பொறுப்பில் இங்கிலாந்தில் அடிப்பித்து இறக்கிய ‘கெப்பிங்’ என்னும் செப்பு வில்லைகள். சேவல் உருவமும் ‘தானா மெலாயு’ என்னும் ஜாவி எழுத்தும் கொண்டவை அவற்றுள் புகழ்பெற்றவை. ‘சுல்தானா தீவு’ என்று உலகப் படத்தில் எங்குமே இல்லாத ஒரு தீவின் பெயரைத் தாங்கியவையும் உண்டு. வணிகரின் துணிச்சலுக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இவற்றுக்கு மாற்றாகவே கம்பெனி, ஒரு சென்ட், அரை சென்ட், கால் சென்ட் என மூன்று செப்புக் காசுகளை வெளியிட்டது. காசில் உள்ள ஆண்டு 1845 ஆயினும், அவை சட்டப்படி செல்லுபடியானது 1847இல். அணாவும் பைசாவும் வழங்கும் நாட்டை ஆண்ட கம்பெனி, டாலரின் நூறில் ஒரு பங்கான சென்ட்டை அடித்தது, இந்த நீரிணை வணிகரின் வழக்கத்துக்கு அது தலைவணங்கியதைக் காட்டுகிறது. ஆயினும் அக்காசில் கம்பெனியின் பெயர் இருக்கிறதேயன்றி, அது வழங்கிய இடத்தின் பெயர் இல்லை. அரசியின் கழுத்தடியில் செதுக்கியவரின் முதலெழுத்துகள் உள்ள காசும் உண்டு, இல்லாத காசும் உண்டு என்பர். வகைத் தொகுப்பாளனுக்கு அந்த வேறுபாடு பொருட்டன்று.

1855இல் இந்திய அரசு, இந்தியச் செப்புக் காசுகளை இங்கும் செல்லுபடியாக்கச் சட்டம் இயற்றியது. சிங்கப்பூர் வணிகர் கூட்டம் கூட்டிக் கடுமையாக எதிர்த்தனர், முயற்சி கைவிடப்பட்டது. 1858இல் இந்திய ஆட்சி கம்பெனியின் கையினின்றும் நீங்கி அரசியாரின் அரசாங்கத்திடம் சென்றது. கம்பெனியின் பெயர் இனிக் காசில் நிற்க இயலாது. அப்போது எழுந்ததே 1862ஆம் ஆண்டுக் காசு. நீரிணை என்னும் சொல் அரசின் செப்புக் காசில் முதன்முதலாக இடம்பெற்றது இதில்தான். இந்தியா என்னும் சொல்லோடு சேர்ந்தே இடம்பெற்றது என்பதையும் நோக்குக.

அந்தச் சேர்க்கை வெறும் எழுத்தன்று. அதே 1862இல் சிங்கப்பூர் செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம் திருநிலைப்படுத்தப்பட்டது. அதனைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். அதனைத் திருநிலைப்படுத்தியவர் கல்கத்தாவின் ஆயர். செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் தமிழ்க் கூலிகள் உழைத்துக்கொண்டிருந்தனர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவன், ஆட்சி முறையால் நோக்கின், ஒரே அரசின் ஒரு கரையினின்று மறுகரைக்கு வந்தவனே ஆவான்.

1867 ஏப்ரல் முதல் நாள் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய ஆட்சியினின்று பிரிக்கப்பட்டு, இலண்டனின் நேரடி ஆட்சிக்கு மாற்றப்பட்டன. ரூபாய் செல்லாததாயிற்று. தமிழ்க் கூலிகளின் வருகைக்கும் சிக்கல் நேர்ந்தது. பிரிவினையால் இந்நிலம் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தின் கண்ணில் அயல்நாடாகிவிட்டது. அந்தத் தடையை இந்திய அரசு தளர்த்தியது 1872இல். ‘நீரிணைக் குடியேற்றங்கள்’ என்று மட்டும் எழுதிய முதற் செப்பு சென்ட்டில் காணப்படும் ஆண்டும் 1872. அது அடிக்கப்பட்டது பர்மிங்காமில். ஆண்டுக்கு அருகே ‘எச்’ என்னும் சிற்றெழுத்து அந்த அக்கசாலையின் அடையாளம்.

இவற்றையெல்லாம் கரும்பலகையில் எழுதிக் காட்டியபின், ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, அப்படியென்றால் நம்முடைய தாத்தாவின் தாத்தா வந்த வழி அந்தக் கறுத்த காசில்தான் இருக்கிறதா?” என்று கேட்டாள். அவளுடைய முன்னோர் எந்த ஆண்டில் வந்தனர் என்பதை நான் அறியேன். ஆனால் வாங்க வேண்டிய காசு எது என்பதில் அதன்பின் வாதம் எழவில்லை. 1862 வாங்கப்பட்டது. 1845ஆம் ஆண்டுக் குழி அடுத்த ஆண்டு நன்கொடைக்காகக் காத்திருக்கிறது.

எனினும் தேய்ந்த காசு எதுவாயினும் வாங்கலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. எந்த எழுத்துக்காக அக்காசை நாடுகின்றோமோ அந்த எழுத்து படிக்க இயலாதவாறு அழிந்திருந்தால், அரியதாயினும் விட்டுவிடுவதே முறை. பச்சைக் களிம்பு பொடியாக உதிரும் காசையும் விட்டுவிட வேண்டும். அந்நோய் செம்பை உள்ளிருந்து அரிப்பது. எடையையும் விளிம்பையும் உண்மையென உறுதியான ஒரு காசோடு ஒப்பிடாமல் அரிய காசை வாங்குதல் ஆகாது.

மாணவர்க்கு மற்றொன்றும் கூறியாக வேண்டியிருந்தது. நம் வீடுகளில் குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குவது போலக் காசையும் துலக்கிவிடுவர். ஒரு நூற்றாண்டுக்கு மேல் படிந்த பழுப்புத் தோல் ஒரு நிமிடத்தில் போய்விடும், மீண்டும் வராது. பளபளக்கும் காசு பார்வைக்குப் புதிது. அறிந்தவர் அதனைப் பாதி விலைக்கும் கேளார். மலிவான நெகிழி உறைகளும் நம் நாட்டு ஈர வெப்பத்தில் செம்பின்மேல் பசையாகக் கசிந்து கெடுக்கும். உலர்ந்த மரத்தட்டும் அமிலமற்ற தாளுமே போதும்.

தட்டில் மற்றக் காசுகளெல்லாம் அரசரின் முகம் மேல்நோக்க வைக்கப்பட்டுள்ளன. இந்த ஒன்றை மட்டும் மாணவர்கள் கவிழ்த்து வைத்துள்ளனர். முகம் தேய்ந்துபோனது, எழுத்து பின்புறத்தில்தானே இருக்கிறது!