போலி சார்ஜர்: ‘நல்லாத்தானே சார்ஜ் ஏறுது’ என்பது ஏன் போதாது? கண்டுபிடிப்பது எப்படி?

"ஒரிஜினல் வேணும்னா விலை அதிகம் சார். இது ஃபர்ஸ்ட் காப்பி, 250 ரூபாதான். அதே மாதிரிதான் ஏறும், பயமில்லாம போடுங்க."

செல்போன் உதிரிபாகக் கடைகளில் இந்தியாவின் எந்த ஊரிலும் கேட்கக்கூடிய பேச்சு இது. கடைக்காரர் சொல்வது பொய்யும் இல்லை. வாங்கி வந்து மாட்டினால் போனில் சார்ஜ் ஏறத்தான் செய்யும். அசல் கம்பெனியின் லோகோ, அதே வெள்ளை நிறம், அதே அட்டைப் பெட்டி. அப்புறம் என்ன பிரச்னை?

சார்ஜருக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, போனுக்கு மின்சாரம் கொடுப்பது. இன்னொன்று, சுவரில் உள்ள 230 வோல்ட் உங்கள் கைக்கு வந்துவிடாமல் தடுப்பது. முதல் வேலையைச் செய்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும். இரண்டாவது வேலையைச் செய்கிறதா என்பது, அது தோற்றுப்போகும் நாள் வரை தெரியாது. போலி சார்ஜர் தயாரிப்பவர்கள் காசை மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலையில்தான்.

சார்ஜருக்குள் என்ன இருக்கிறது?

நம் வீட்டு பிளக் பாயிண்டில் வருவது 230 வோல்ட். போனுக்குச் சாதாரணமாகத் தேவைப்படுவது 5 வோல்ட்; வேகமாக சார்ஜ் செய்யும்போது 9 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல். இந்த இரண்டு பக்கங்களும் சார்ஜருக்குள் நேரடியாகத் தொட்டுக்கொள்வதே இல்லை. நடுவில் ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. ஆற்றல் காந்தப்புலம் வழியாக மறுபக்கம் போகும். கம்பிக்குக் கம்பி தொடர்பு இருக்காது.

இந்தப் பிரிவினைதான் உங்கள் உயிர்க்காப்பு. தரமான சார்ஜரில் இதற்காகப் பல ஏற்பாடுகள் உண்டு.

• சர்க்யூட் போர்டில் உயர் மின்னழுத்தப் பக்கத்துக்கும் குறைந்த மின்னழுத்தப் பக்கத்துக்கும் நடுவே சுமார் 5 முதல் 6 மில்லிமீட்டர் வரை இடைவெளி விடப்படும்.

• டிரான்ஸ்ஃபார்மரில் மூன்று அடுக்கு இன்சுலேஷன் கொண்ட கம்பி சுற்றப்படும், அல்லது அதற்கு இணையான டேப் அடுக்குகள் போடப்படும்.

• இரு பக்கங்களையும் இணைக்கும் இடத்தில் ‘ஒய் கெபாசிட்டர்’ என்ற பாதுகாப்பு வகை கெபாசிட்டர் இருக்கும். அது பழுதானாலும் மின்சாரத்துக்குப் பாதை திறந்துவிடாத வகையில் தயாரிக்கப்படுவது.

• உள்ளே ஷார்ட் சர்க்யூட் ஆனால் இணைப்பைத் துண்டிக்க ஒரு ஃபியூஸ் இருக்கும்.

விற்பனைக்கு வரும் முன், இந்த இன்சுலேஷன் சுமார் 3,000 வோல்ட் வரை தாங்குகிறதா என்று சோதிப்பார்கள். 230 வோல்ட்டுக்கு எதற்கு 3,000 என்று கேட்கலாம். மின்தடை முடிந்து கரண்ட் திரும்பும்போதும், இடி மின்னல் நேரத்திலும், லைனில் கண நேரத்துக்கு மின்னழுத்தம் பல மடங்கு எகிறும். அதைத் தாங்க வேண்டும்.

போலியில் எது இருக்காது?

மேலே சொன்ன எதுவுமே சார்ஜ் ஏறுவதற்குத் தேவையில்லை. அதனால் எதை எடுத்தாலும் வாங்குபவருக்குத் தெரியப்போவதில்லை. போலிகளைப் பிரித்துப் பார்த்த பொறியாளர்கள், 5 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி 1 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்ததைக் காட்டியிருக்கிறார்கள். பாதுகாப்பு வகை கெபாசிட்டருக்குப் பதில் சாதாரண கெபாசிட்டர், ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பி, ஒரே சுற்று டேப் என்று பட்டியல் நீளும்.

அந்த 1 மில்லிமீட்டர் இடைவெளியில் தூசியும் மழைக்கால ஈரப்பதமும் சேர்ந்தால், அதுவே மின்சாரம் தாண்டிச் செல்லப் பாதை ஆகிவிடும். அப்போது யுஎஸ்பி கேபிள் வழியாக 230 வோல்ட் உங்கள் போனின் உலோக விளிம்புக்கோ, காதில் மாட்டிய ஒயர் ஹெட்செட்டுக்கோ வந்து நிற்கும்.

2016 டிசம்பரில் பிரிட்டனின் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் அமைப்பு ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. பல நாடுகளிலிருந்து ஆன்லைனில் வாங்கிய 400 போலி ஆப்பிள் சார்ஜர்களை யுஎல் என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனம் ஆராய்ந்தது. மின் அதிர்ச்சியிலிருந்து காக்கும் அளவுக்கு இன்சுலேஷன் இருந்தவை வெறும் 3. அந்த 400-இல் 12 சார்ஜர்கள், உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின் அதிர்ச்சி தரக்கூடிய மோசமான வடிவமைப்பில் இருந்தன.

அதற்கு முன்பே, 2013 ஜூலையில் சீனாவில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த போனை எடுத்த இளம்பெண் ஒருவர் மின்சாரம் தாக்கி இறந்ததாகச் செய்தி வந்தது. போலி சார்ஜர் காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. அடுத்த மாதமே, போலி என்று சந்தேகப்படும் சார்ஜர்களைக் கொடுத்துவிட்டு 10 டாலருக்கு அசல் சார்ஜர் வாங்கிக்கொள்ளும் திட்டத்தை ஆப்பிள் அறிவித்தது.

இந்திய வீடுகளில் ஏன் கூடுதல் கவனம் தேவை?

நம் போன் சார்ஜர்களுக்கு இரண்டு பின்கள்தான். மிக்சி, ஃப்ரிட்ஜுக்கு இருப்பது போல எர்த் பின் கிடையாது. எனவே வீட்டில் எர்த்திங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சார்ஜர் விஷயத்தில் அது கைகொடுக்காது. உள்ளே இருக்கும் இன்சுலேஷன் மட்டுமே பாதுகாப்பு.

‘வீட்டில் எம்சிபி இருக்கே, கரண்ட் கட் ஆகிடாதா?’ என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. எம்சிபி என்பது 6 ஆம்பியர், 16 ஆம்பியர் போன்ற அளவைத் தாண்டினால்தான் விழும். மனித உடலில் ஓடி இதயத்துடிப்பைக் குலைக்க ஒரு ஆம்பியரில் சிறு பகுதியே போதும். அதைக் கண்டறிவது ஆர்சிசிபி என்ற வேறொரு சாதனம். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி பொருத்த வேண்டும். உங்கள் வீட்டு மெயின் போர்டில் ‘டெஸ்ட்’ என்று எழுதிய சிறு பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது நல்லது.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. 2020 அக்டோபரிலிருந்து ஆப்பிளும், 2021 தொடக்கத்தில் வந்த உயர்விலை மாடல்களிலிருந்து சாம்சங்கும் போன் பெட்டிக்குள் சார்ஜர் வைப்பதை நிறுத்தின. சார்ஜரைத் தனியாகத் தேடி வாங்க வேண்டியவர்கள் கூடிவிட்டார்கள்.

வேறு கம்பெனி சார்ஜர் என்றாலே போலியா?

இல்லை. இங்கேதான் பலருக்குக் குழப்பம். உங்கள் போன் கம்பெனி அல்லாத வேறொரு நிறுவனம் தன் சொந்தப் பெயரில், முறையாகப் பதிவு செய்து விற்கும் சார்ஜர் பாதுகாப்பானதே. அடுத்தவர் பெயரை ஒட்டி விற்பதுதான் போலி. யார் தயாரித்தது என்றே தெரியாத பெயரில்லாச் சரக்கும் அதே அளவு ஆபத்தானது.

அதேபோல, ‘அதிக வாட் சார்ஜர் போட்டால் போன் வெடிக்கும்’ என்பதும் தவறு. முறையான ஃபாஸ்ட் சார்ஜர் முதலில் 5 வோல்ட்டே கொடுக்கும். போன் கேட்ட பிறகுதான் உயர்த்தும். அந்தக் கட்டுப்பாடு சரியாக இல்லாத போலியில்தான் போனின் சார்ஜிங் ஐசி கருகுவதும் பேட்டரி சூடாவதும் நடக்கும்.

எப்படிச் சரிபார்ப்பது?

இந்தியாவில் விற்கப்படும் சார்ஜர்கள் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) கட்டாயப் பதிவுத் திட்டத்தின் கீழ் வருகின்றன. 2012-இல் கொண்டுவரப்பட்ட மத்திய அரசின் ஆணையோடு இந்தத் திட்டம் தொடங்கியது. எனவே சார்ஜரின் மேல் பிஐஎஸ் குறியும், ஐஎஸ் 13252 என்ற தர எண்ணும், ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்துக்குப் பின் 8 இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். சில புதிய மாடல்களில் 62368 என்ற தர எண் இருக்கலாம்.

1. ‘பிஐஎஸ் கேர்’ ஆப்பைத் திறக்கவும். நகைக்கடையில் ஹால்மார்க் எண்ணைச் சரிபார்க்கும் அதே ஆப்தான்.

2. ஆர் எண்ணைச் சரிபார்க்கும் பகுதியில் சார்ஜரில் உள்ள எண்ணை உள்ளிடவும்.

3. வரும் விவரத்தில் பிராண்ட், தயாரிப்பாளர், பொருளின் வகை ஆகியவை உங்கள் கையில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று பார்க்கவும். பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதும் முக்கியம்.

எண்ணே வரவில்லை, அல்லது எல்இடி பல்பு என்று வருகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், போலி. ஆனால் எண் சரியாக வந்துவிட்டதாலேயே அசல் என்று முடிவு கட்டவும் முடியாது. அசல் சார்ஜரில் உள்ள எண்ணை அப்படியே காப்பியடித்து அச்சிட எத்தனை நேரம் ஆகும்? அதனால் இவற்றையும் பாருங்கள்.

• லேபிளில் எழுத்துப்பிழை, மங்கிய அச்சு, தயாரிப்பாளர் பெயர் இல்லாமை.

• ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் இருக்கும் குறி. இரட்டை இன்சுலேஷனைக் குறிப்பது இதுதான். இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

• மேல் மூடி ஒட்டிய இடத்தில் இடைவெளி, குலுக்கினால் சத்தம், ஆடும் பின்கள்.

• கையில் பிடிக்க முடியாத சூடு. இளஞ்சூடு இயல்பானது.

• சார்ஜ் போட்டிருக்கும்போது மட்டும் டச் ஸ்கிரீன் தானாக எதையாவது அழுத்துவது. சார்ஜரிலிருந்து சீரற்ற மின்சாரம் வருவதன் அடையாளம் இது.

• பிளாஸ்டிக் கருகும் வாசனை, ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல், பிளக் பாயிண்டில் பழுப்புக் கறை.

இவற்றில் எல்லாம் தேறினாலும் அசல் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஆனால் ஒன்றில் தவறினாலே அந்த சார்ஜரை ஒதுக்கிவிடப் போதுமான காரணம் இருக்கிறது.

உலோக பாடி போனைத் தொடும்போது லேசாகச் சுருசுருவென்று உணர்வது அசல் சார்ஜரிலும் நடக்கும். ஒய் கெபாசிட்டர் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்சாரம் அது. சுருக்கென்று ஷாக் அடித்தால் கதை வேறு. அந்த சார்ஜரை மறுபடி மாட்டவே கூடாது.

எங்கே வாங்குவது, யாரிடம் புகார் செய்வது?

போன் நிறுவனத்தின் சொந்தக் கடை, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் ஆகியவை பாதுகாப்பான இடங்கள். ஆன்லைனில் வாங்கும்போது தளத்தின் பெயரை மட்டும் பார்க்காமல் விற்பவர் யார் என்பதைப் பாருங்கள். ஒரே தளத்தில் பல விற்பனையாளர்கள் இருப்பார்கள். கடையில் வாங்கினால் பில் கேளுங்கள். ‘பில் போட மாட்டோம் சார்’ என்று சொன்னால், அதுவே ஒரு பதில்.

ஏமாற்றப்பட்டிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். பிஐஎஸ் கேர் ஆப்பிலும் புகார் பதிவு செய்ய வசதி உண்டு. வர்த்தக முத்திரைகள் சட்டம் 1999-இன் கீழ், போலி முத்திரை பொறிப்பதற்கு 6 மாதம் முதல் 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை இருக்கிறது.

ஷாக் அடித்தாலோ தீப்பிடித்தாலோ...

முதலில் மெயின் சுவிட்சை அணைக்கவும். அணைக்கும் வரை பாதிக்கப்பட்டவரைத் தொட வேண்டாம். தொட்டால் உங்களுக்கும் ஷாக் அடிக்கும். பிறகு 108 அல்லது 112-ஐ அழைக்கவும். சார்ஜரிலிருந்து புகை வந்தால், கரண்ட் இருக்கும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது.

தலையணைக்கு அடியில் போனை வைத்து சார்ஜ் போடுவது, ஈரக் கையோடு எடுப்பது, குளியலறைக்கு அருகில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுவது ஆகியவை அசல் சார்ஜரோடும் வேண்டாம். கேபிளின் மறுமுனையைக் குழந்தைகள் வாயில் வைக்கும் வீடுகளில், வேலை முடிந்ததும் சார்ஜரைப் பிளக்கிலிருந்து கழற்றி வைப்பதே நல்லது.

சந்தேகமான சார்ஜரை வேலைக்கு வருபவருக்கோ உறவினருக்கோ ‘எனக்கு வேண்டாம், நீங்க வச்சுக்கோங்க’ என்று கொடுத்துவிட வேண்டாம். ஒயரை வெட்டி, மின்னணுக் கழிவு சேகரிப்பில் போடுங்கள்.

லேபிளில் உள்ள எழுத்து பொடிப்பொடியாக இருக்கும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. போன் கேமராவில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் சார்ஜரிலிருந்தே தொடங்கலாம்.