கொழும்பு வானொலி முதல் கேபிள் வரை: சேலம், நாமக்கல் வீடுகளில் பாட்டுப் போட்டி

பாட்டுப் போட்டியைத் தொலைக்காட்சியில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் வழக்கம் சேலம், நாமக்கல் சமவெளியில் வேரூன்றியது 2006-க்குப் பிறகுதான். அந்த ஆண்டு ஏப்ரலில் விஜய் தொலைக்காட்சி ‘சூப்பர் சிங்கர்’ நிகழ்ச்சியைத் தொடங்கியது. செப்டம்பரில் தமிழ்நாடு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கத் தொடங்கியது. நிகழ்ச்சியும் பெட்டியும் ஒரே ஆண்டில் வீட்டுக்கு வந்தன. ஆனால் பாட்டைப் போட்டியாகக் கேட்கவும், பாடுபவரை எடைபோடவும் இந்தச் சமவெளி அதற்கு முன்பே பழகியிருந்தது. பழக்கியது கடல் கடந்த ஒரு வானொலி.

உலக அளவில் இத்தகைய போட்டிகளுக்கு முன்னோடி ஐரோப்பாவின் ‘யூரோவிஷன்’. 1956 மே மாதம் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழு நாடுகள் கலந்துகொண்ட முதல் போட்டி நடந்தது. 1997-இல் சில நாடுகளில் பார்வையாளரின் தொலைபேசி வாக்கைச் சோதனையாகச் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டே அது பெரும்பாலான நாடுகளுக்குப் பரவியது. வீட்டிலிருப்பவரும் நடுவர் ஆகலாம் என்ற எண்ணம், 2001-இல் பிரிட்டனில் தொடங்கிய ‘பாப் ஐடல்’ வழியாக வேறு வடிவம் எடுத்து, 2004-இல் ‘இந்தியன் ஐடல்’ ஆக இந்தியாவுக்கு வந்தது. தமிழில் அதை நிலைநிறுத்தியது ‘சூப்பர் சிங்கர்’. யூரோவிஷனில் நாடுகள் மோதுகின்றன. தமிழ்ப் போட்டியில் நாடுகளுக்குத் தனி அணி கிடையாது; ஆனாலும் இலங்கையிலிருந்தும் கனடாவிலிருந்தும் பாடகர்கள் வந்து பாட, அது தானாகவே பன்னாட்டுப் போட்டியாக வளர்ந்துவிட்டது.

யூரோவிஷன் தொடங்கிய அதே 1956-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தை வெளியிட்டது. டி.ஆர். சுந்தரம் ஏற்காடு சாலையில் நிறுவிய அந்த ஸ்டுடியோவால் சேலம் அன்று தமிழ்த் திரையிசையின் பிறப்பிடங்களுள் ஒன்றாக இருந்தது. ஆனால் திரைப்பாட்டை வீட்டில் கேட்பதற்கு அகில இந்திய வானொலியை நம்ப முடியாத காலம் அது. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சாஸ்திரிய இசைக்கு முதலிடம் கொடுத்துத் திரைப்பாட்டுக்கு ஒதுக்கிய நேரத்தை வெகுவாகக் குறைத்தார். அந்த இடைவெளியில் இலங்கை வானொலி நுழைந்தது. இரண்டாம் உலகப் போரின்போது நேசநாட்டுப் படைகளுக்காக அமைத்த ஆற்றல்மிக்க ஒலிபரப்பிகள் அதன் கையில் இருந்தன. 1950-இல் தொடங்கிய அதன் வர்த்தக சேவை இந்தியாவில் தாராளமாகக் கேட்டது. சேலத்தில் எடுத்த படத்தின் பாட்டைச் சேலத்துக்காரர் கொழும்பு வழியாகக் கேட்க வேண்டிய நிலை உண்டானது. 1957 அக்டோபரில் அகில இந்திய வானொலி ‘விவித் பாரதி’ சேவையைத் தொடங்கியதற்கு இலங்கை வானொலி தந்த இந்தப் போட்டியே முக்கியக் காரணம்; ஆனால் அதற்குள் தமிழ்நாட்டுக் காதுகள் கொழும்பின் பக்கம் திரும்பிவிட்டன.

அன்று வானொலிப் பெட்டி வைத்திருக்க அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். பெட்டி இல்லாதவருக்குப் பஞ்சாயத்து ரேடியோவும் தேநீர்க் கடை ரேடியோவும் இருந்தன. டிரான்சிஸ்டர் மலிவானதும் நிலைமை மாறியது. அம்மாப்பேட்டை, குகை, இளம்பிள்ளை, இராசிபுரம் நெசவு வீடுகளில் தறிக்குழிக்குப் பக்கத்திலும், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் கொலுசு பற்றவைக்கும் விளக்குக்குப் பக்கத்திலும் அது இடம்பிடித்தது. கையும் கண்ணும் வேலையில் கட்டுண்டு கிடக்க, காது மட்டும் ஓய்ந்திருக்கும் தொழில்கள் இவை. வானொலி இவ்வளவு ஆழமாக இறங்கிய இடங்கள் குறைவு. எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது ஆகிய அறிவிப்பாளர்களின் குரலை முகம் பார்க்காமலே மக்கள் அடையாளம் கண்டார்கள். நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்டுவிட்டு, தங்கள் பெயரும் ஊரும் கொழும்பிலிருந்து ஒலிப்பதற்காகக் காத்திருந்தார்கள்.

அப்துல் ஹமீது இலங்கை வானொலியில் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’தான் இந்த வரலாற்றின் திருப்பம். கொடுத்த எழுத்தில் தொடங்கும் திரைப்பாட்டை உடனே நினைவிலிருந்து எடுத்துப் பாட வேண்டும். இசைப் பயிற்சி அதற்குத் தேவையில்லை, பாட்டு நினைவிருந்தால் போதும். கேட்பவரும் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது; வானொலியில் பாடுபவர் திணறும்போது தறியில் இருப்பவர் அந்தப் பாட்டை எடுத்துக் கொடுத்துவிடுவார். வீட்டிலிருந்தபடியே போட்டியில் பங்கெடுக்கும் முறை தமிழில் இங்கேதான் தொடங்கியது. குறுஞ்செய்தியும் செயலியும் பின்னால் செய்ததெல்லாம் இந்தப் பங்கேற்புக்கு ஒரு கணக்கு வைத்ததுதான்.

தொலைக்காட்சி இப்பகுதிக்குத் தாமதமாகவே வந்தது. சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியபோது அதன் படம் சேலத்தை எட்டவில்லை. எண்பதுகளில் நாடெங்கும் அமைத்த சிறு ஆற்றல் ஒளிபரப்பு நிலையங்கள் பெரும்பாலும் டெல்லி நிகழ்ச்சிகளையே அஞ்சல் செய்தன. மொட்டைமாடியில் ஆன்டெனாவை ஒருவர் திருப்ப, கீழிருந்து ஒருவர் “இப்பத் தெரியுது, அப்படியே விடு” என்று குரல் கொடுக்க, கடைசியில் கிடைத்தது இந்தி நிகழ்ச்சியாக இருக்கும். தமிழ்ப் பாட்டுக்காக வானொலியை விட்டுவிட இப்பகுதி மக்களுக்கு அன்று காரணமே இல்லை.

கேபிள் வந்ததும் எல்லாம் மாறியது. 1993 ஏப்ரல் 14-இல் சன் டிவி தொடங்கியது. தெருவுக்குத் தெரு கேபிள்காரர்கள் முளைத்தார்கள். வீடியோ கடை வைத்திருந்தவர் டிஷ் நட்டு, கம்பத்துக்குக் கம்பம் கம்பி இழுத்து இணைப்புக் கொடுத்தார். அப்துல் ஹமீது ‘லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு’ வழியாகச் சன் டிவிக்கு வந்தபோது, பல ஆண்டுகளாகக் குரலாக மட்டும் பழகியவரின் முகத்தைச் சமவெளி பார்த்தது. ஏ.வி. ரமணன் நடத்திய ‘சப்தஸ்வரங்கள்’ வேறொரு வகை. அங்கே நினைவாற்றலைவிடச் சுருதியும் குரலும் முக்கியம். பின்னால் வந்த பெரும் போட்டிகள் இந்த இரண்டுக்கும் கடன்பட்டவை. ‘சப்தஸ்வரங்க’ளிடமிருந்து தேர்ந்த பாடகரைத் தேடும் முறையையும், ‘பாட்டுக்குப் பாட்’டிடமிருந்து வீட்டையே மேடையாக்கும் முறையையும் அவை எடுத்துக்கொண்டன. இதற்கிடையே, 1997 ஜனவரியில் நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. நிர்வாகம் பிரிந்தாலும் பார்க்கும் பழக்கம் பிரியவில்லை.

2006 முதல் 2011 வரை தமிழ்நாட்டில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட இலவசத் தொலைக்காட்சிப் பெட்டிகள் வழங்கப்பட்டன. அதுவரை பக்கத்து வீட்டு வாசலில் நின்று பார்த்த கூலித் தொழிலாளர் குடும்பங்களுக்குச் சொந்தப் பெட்டி கிடைத்தது. இந்தத் திட்டத்தை வீண்செலவு என்று பழித்தவர்கள் உண்டு. ஆனால் அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் இடம் கேட்டு நிற்க வேண்டிய நிலையிலிருந்து பல குடும்பங்களை, அதிலும் சாதியால் திண்ணையே மறுக்கப்பட்ட குடும்பங்களை, அது விடுவித்தது. இந்த மதிப்பைப் பணக் கணக்கில் மட்டும் அளக்க முடியாது. 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்ததும் மீதித் தடையும் நீங்கியது.

தொடக்கச் சீசன்களில் ‘சூப்பர் சிங்கர்’ வார நாள் இரவுகளில் ஒளிபரப்பானது. அது இரவுச் சாப்பாட்டு நேரம். ஆசாரத்துச் சுவரில் பலகை அடித்து ஏற்றிய 14 அங்குலப் பெட்டியின் முன் தட்டோடு உட்கார்வார்கள். சீனிவாஸ், சுஜாதா, உன்னிகிருஷ்ணன், குழந்தைகளுக்கான போட்டி என்றால் சித்ரா, மனோ என நடுவர்கள் சொல்லும் குற்றங்குறை வீட்டுக்குள் புதிய சொற்களைக் கொண்டுவந்தது. ‘சுருதி விலகுது’, ‘சங்கதி விழலை’ என்று கர்நாடக இசை கற்றவர்கள் மட்டும் பேசிய பேச்சு, விசைத்தறிக் குடும்பங்களின் பேச்சானது. இது சிறிய மாற்றம் அல்ல. சபா வாசலை மிதிக்காத வீடுகளில் இசை விமர்சனம் நடந்தது. பாட்டி ஒரு பக்கம், பள்ளிப் பிள்ளை ஒரு பக்கம் நின்று வாதாடினார்கள். லாரியோடு வட இந்தியா போயிருக்கும் நாமக்கல் ஓட்டுநர்கள், யார் வெளியேறினார்கள் என்பதை வீட்டுக்குப் பேசும்போது கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

வாக்களிப்பது முதலில் குறுஞ்செய்தி வழியாக இருந்தது. சாதாரணக் குறுஞ்செய்தியைவிட அதற்குக் கட்டணம் கூடுதல். பத்து ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்பவருக்கு அது கணக்குப் பார்க்க வேண்டிய செலவுதான். வாக்குப் பின்னர் இணையத்துக்கும் கைபேசிச் செயலிக்கும் மாறியபோது கட்டணத் தடை குறைந்தது. ஆனால் திறன்பேசி யார் கையில் இருக்கிறதோ அவரே வீட்டின் வாக்காளர் ஆனார். பெரும்பாலும் அது இளைஞர் கையில்தான் இருந்தது. எல்லோரும் சேர்ந்து பார்த்தாலும் பெண்களும் முதியவர்களும் வாக்கில் இடம்பெறாமல் போனதை இப்போட்டிகளின் உண்மையான குறையாகச் சொல்ல வேண்டும்.

இந்த வழக்கத்துக்கு வந்த பெரிய சோதனை மின்வெட்டு. 2008-க்குப் பிறகு தமிழ்நாட்டில் மின்பற்றாக்குறை முற்றியது. 2012-இன் இறுதி மாதங்களில் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாத ஊர்கள் பல. அந்த அக்டோபரில்தான் ‘சூப்பர் சிங்கர் ஜூனியர்’ மூன்றாவது சீசனின் இறுதிப்போட்டி வந்தது, ஆஜித் வென்றார். இன்வெர்ட்டர் இருந்தும் பயனில்லாத வீடுகள் உண்டு. கேபிள் வழியில் கம்பங்களில் உள்ள ஆம்பிளிஃபயர்களுக்கும் மின்சாரம் வேண்டும். அந்தத் தெருவில் வெட்டு என்றால் அதற்கு அப்பாலுள்ள தெருக்களில் பெட்டி எரிந்தாலும் திரையில் புள்ளிகள் மட்டுமே தெரியும். விசைத்தறியும் நின்று, படமும் நின்று, கூலியும் பொழுதும் ஒருசேரப் போன மாதங்கள் அவை. விட்டுப்போனதை மறுஒளிபரப்பில் பார்ப்பது அன்று பரவலான பழக்கமானது. பின்னர் யூடியூப் அந்த இடத்தைப் பிடித்தது.

போட்டி வீட்டோடு நிற்கவும் இல்லை. இப்பகுதியில் மாரியம்மன் பண்டிகை என்றால் இன்னிசைக் கச்சேரி உண்டு. சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா முதல் சிற்றூர்ப் பண்டிகை வரை ஆர்கெஸ்ட்ரா மேடை பழைய வழக்கம். இப்போது அந்த மேடையின் ஃபிளெக்ஸ் பலகையில் ‘சூப்பர் சிங்கர் புகழ்’ என்ற அடைமொழி வந்துவிட்டது. 2018-இல் புதுக்கோட்டை மாவட்டத்து நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் ஆறாவது சீசனை வென்றது இந்த மேடைகளுக்கும் பொருந்திய வெற்றி. திரைப்பாட்டை நகலெடுப்பதே போட்டி என்றிருந்த இடத்தில் கிராமத்துப் பாட்டும் பரிசு வாங்கும் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

கடல் கடந்த தமிழர்கள் போட்டிக்குள் வந்த விதமே இந்த வரலாற்றில் மிக முக்கியமானது. 2015 பிப்ரவரியில் நடந்த ‘சூப்பர் சிங்கர் ஜூனியர்’ நான்காவது சீசன் இறுதிப்போட்டியில் கர்நாடகத்தைச் சேர்ந்த ஸ்பூர்த்தி வென்றார்; ஈழத்தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த கனடாச் சிறுமி ஜெசிகா இரண்டாமிடம் பெற்றார். தனக்குக் கிடைத்த ஒரு கிலோ தங்கத்தைத் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் உள்ள ஆதரவற்ற குழந்தைகளுக்குக் கொடுப்பதாக அவர் தரப்பில் மேடையிலேயே அறிவித்தார்கள். இலங்கையில் போர் முடிந்து ஆறு ஆண்டுகள்கூட ஆகாத நேரம். செய்திச் சேனல்கள் சொல்லிச் சொல்லி மரத்துப்போன துயரம், ஒரு சிறுமியின் பாட்டு வழியாகச் சமவெளி வீடுகளுக்குள் புதிதாக வந்தது.

2023 டிசம்பரில் ஜீ தமிழின் ‘சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்’ போட்டியில் யாழ்ப்பாணச் சிறுமி கில்மிஷா பட்டம் வென்றார். அதே சீசனில் மலையகத்தின் புசல்லாவைத் தோட்டப் பகுதியிலிருந்து வந்த அசானியும் பாடினார். மலையகத் தமிழர் இலங்கைக்குச் சென்ற 200-ஆம் ஆண்டாக அவ்வாண்டு நினைவுகூரப்பட்டது. காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் திரட்டிய மாவட்டங்களில் திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரத்தோடு சேலமும் ஒன்று. இன்றைய நாமக்கல் அன்று அதற்குள் அடங்கியிருந்தது. 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் கடுமையாக அடிபட்டது. பஞ்சம் துரத்திய குடும்பங்கள் கடல் கடந்தன. ஆகவே அசானி பாடியபோது இப்பகுதி வீடுகள் பார்த்தது அயல்நாட்டுப் பிள்ளையை அல்ல. அவருடைய முன்னோர் எந்த ஊரிலிருந்து போனவர்களாக இருந்தாலும், அந்தப் பயணம் இந்தச் சமவெளியின் பயணமும்தான்.

இப்போது போட்டியை ஒவ்வொருவரும் தத்தம் கைபேசியில், வேண்டிய துண்டை மட்டும் பார்க்கிறார்கள். இறுதிப்போட்டி நாளில்தான் வீடு ஒன்றாக உட்காருகிறது. சேலம், நாமக்கல் மக்களின் இசைப் பழக்கத்தை எழுதுபவர்கள் பெரும்பாலும் மாடர்ன் தியேட்டர்ஸில் தொடங்கித் தனியார் சேனல்களுக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் உள்ள கொழும்பு வானொலியை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது. பாட்டைப் போட்டியாகக் கேட்கும் காதை இப்பகுதிக்குத் தந்தது அந்த வானொலிதான்.